சொறியும் கிளி

கிளியின் தோல் வெங்காயச் சருகைப்போல மெல்லியது. இறகு மூடிய இடங்களில் மேல்தோலுக்குச் சில செல் அடுக்குகளே உண்டு. இறகை விலக்கிப் பார்த்தால் அடியிலுள்ள தசையின் சிவப்பும் ஓடும் இரத்தக் குழாய்களும் கண்ணுக்குத் தெரியும். வியர்வைச் சுரப்பி கிடையாது. மனிதத் தோலில் மயிர்க்கால்தோறும் எண்ணெய் கசிவதுபோல அங்கே கசிவதும் இல்லை. மேல்தோலின் செல்களே கொஞ்சம் கொழுப்பை உண்டாக்கித் தோலைப் பதமாக வைக்கின்றன. அதற்கு மேல் வேண்டியதை, வாலின் அடியில் முதுகுப்புறமாக இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து பறவை அலகால் எடுத்து இறகில் பூசிக்கொள்கிறது. அந்தச் சுரப்பியும் எல்லாக் கிளிகளுக்கும் இல்லை. அமேசான் கிளிகளுக்கும் ஹையசிந்த் மக்காவுக்கும் கிடையாது. காக்கட்டூ, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, காக்டெயில் ஆகியவற்றுக்கு மாவுத்தூவி என்ற தனி வகை இறகு உண்டு. அது நுனியில் உதிர்ந்துகொண்டே இருக்கும். உதிர்ந்த மாவு உடம்பெங்கும் பரவி இறகுக்குக் காப்பாகும். கறுப்புத் துணி விரித்த மேசையில் நலமான காக்கட்டூ ஒன்றைச் சிறகடிக்க விட்டால் துணி வெளுத்துப்போகும். வெளுக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

இந்த உடலமைப்பை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கிளிக்கு அரிப்பு என்று மருத்துவரிடம் வருகிறவர்களில் பலர், தங்கள் தோலுக்குச் செய்வதைக் கிளிக்கும் செய்துவிட்டே வருகிறார்கள். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், மஞ்சள் விழுது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு என்று ஏதாவது ஒன்று இறகில் ஒட்டியிருக்கும். அன்பினால் செய்வதுதான். ஆனால் மேலே தடவித் தீரும் அரிப்பு கிளிக்கு அநேகமாக இல்லை. குளியல், தீனி, மூச்சு விடும் காற்று, அடைபட்டுக் கிடக்கும் இடம் ஆகியவற்றில் எங்கோ குறை இருக்கும். இல்லையென்றால் உள்ளே நோய் இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் வைத்தியம்.

ஓர் ஏப்ரல் மாதத்தில் மருத்துவரின் மேசைக்கு வந்த ஏழு வயது சாம்பல் கிளி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இந்த இனத்தின் எடை பொதுவாக 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். அது 380 கிராம் இருந்தது. மார்பிலும் இரண்டு தொடைகளிலும் இறகு இல்லை. வெறும் தோல் சாம்பல் பூத்து, மடிப்புகளில் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. எஞ்சிய இறகுகள் தேங்காய் எண்ணெயில் ஊறி, நனைந்த பஞ்சுபோல ஒட்டிக் கிடந்தன. குளிர்சாதனப் படுக்கையறையில் வளர்ந்த பறவை அது. இரவும் பகலும் அங்கேதான் இருப்பு. தீனி சூரியகாந்தி விதையும் வேர்க்கடலையும். குளியல் பற்றிக் கேட்டபோது வீட்டு அம்மா சொன்னது: "குளிப்பாட்டினா சளி புடிச்சிடும்னு விட்டுட்டோம் டாக்டர்." அந்த ஒரு பறவையிடம் ஏறக்குறைய எல்லாக் காரணங்களும் சேர்ந்திருந்தன.

எதையும் தொடங்குமுன் அரிப்பு உண்மையா என்று பார்த்தாக வேண்டும். நலமான கிளியும் நாள் முழுக்க அலகால் கோதும், காலால் தலையைச் சொறியும், உடம்பைச் சிலிர்த்து உதறும். கூண்டின் தட்டில் கிடக்கும் வெள்ளைத் துகள்களைப் பொடுகு என்று எண்ணிப் பயப்படுகிறவர்கள் அதிகம். அவை பெரும்பாலும் புது இறகின் உறை. கிளி ஆண்டுக்கு ஒருமுறை அளவில் பழைய இறகை உதிர்த்துப் புதியதை வளர்க்கிறது. புது இறகு தோலைத் துளைத்து வரும்போது மெழுகு பூசிய முள்போல இருக்கும். அதைச் சுற்றிக் கெரட்டினால் ஆன மெல்லிய உறை. உள்ளே இறகு விரிந்து முடிந்ததும் உறை காய்ந்து பொடிந்து உதிர்கிறது. அந்த வாரங்களில் பறவைக்கு நன்றாகவே அரிக்கும், எரிச்சலும் வரும். நன்கு பழகிய பறவையும் கையைக் கொத்தும். நோய் என்று நினைத்து மருந்து கொடுக்கக் கூடாத காலம் அது.

இறகுதிர்வுக் காலத்தில் உதவி செய்ய வழி உண்டு. தன் தலையின் முள் இறகுகளைப் பறவையால் கோத முடியாது. கூட்டத்தில் வாழும் கிளிக்குத் துணைக்கிளி அதைச் செய்யும். தனியாக வளரும் கிளிக்கு வளர்ப்பவரின் விரல்தான் துணை. உறை வெளுத்துக் காய்ந்திருக்கும் முட்களை மட்டும் விரல் நுனியில் மெல்ல உருட்டினால் உறை உதிரும், பறவை கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுக்கும். அடி கறுத்தோ நீலம் பாரித்தோ தெரியும் முள்ளைத் தொடக் கூடாது. உள்ளே இரத்தம் ஓடுகிறது, ஒடிந்தால் கொட்டும். அப்படி ஒடிந்துவிட்டால் சோளமாவை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். நிற்கவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். 35 கிராம் பறவைக்குச் சில சொட்டு இரத்தம் பெரிய இழப்பு. இறகு முழுக்கப் புரதம் என்பதால் இந்த நாட்களில் அவித்த முட்டை சிறிது சேர்ப்பது நல்லது.

இறகுதிர்வுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இடமும் வலமும் ஒத்து, சிறுகச் சிறுக உதிரும். தோல் வெளியே தெரியும்படி வழுக்கை விழாது. வழுக்கை கண்டால் அது வேறு காரியம். அப்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் தலை. கழுத்துக்குக் கீழே எல்லாம் பிய்ந்து கிடக்க, தலை மட்டும் பட்டுப்போல முழுமையாக இருந்தால் பறவையே பிடுங்குகிறது என்று பொருள். அலகுக்கு எட்டாத ஒரே இடம் தலைதான். தலையிலும் இறகு இல்லை என்றால் கூடவே வாழும் பறவை பிடுங்குகிறது, அல்லது இறகின் வேரிலேயே நோய் இருக்கிறது. எந்தப் பரிசோதனைக்கூடமும் இல்லாத ஊரிலும் இந்த ஒரு பார்வை பாதி வழியைக் காட்டிவிடும்.

மேலே சொன்ன சாம்பல் கிளிக்குத் தலை முழுமையாக இருந்தது.

இனிக் காற்றின் ஈரம். சாம்பல் கிளி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து காங்கோ வரையிலான மழைக்காடுகளின் பறவை. அமேசான் கிளிகளும் பெரிய மக்காக்களும் பெரும்பாலும் தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்தவை. அவற்றின் தோல் ஈரக் காற்றில் வாழப் பழகியது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சன்னல் திறந்திருக்கும் வரை ஈரத்துக்குக் குறைவில்லை. அதே சென்னையில் சன்னலை அடைத்துக் குளிர்சாதனத்தை ஓடவிட்டால், அது அறையின் ஈரத்தைப் பிழிந்து குழாய் வழியே வெளியே சொட்டவிடுகிறது. அந்தச் சொட்டு நீர் கிளியின் தோலுக்குச் சேர வேண்டியது. கோடையில் மதுரை, திருச்சி, சேலம் பக்கத்துக் காற்று குளிர்சாதனம் இல்லாமலே வறண்டது. இதற்கு மாறாக, பட்ஜெரிகரும் காக்டெயிலும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவைகள். வறட்சியை நன்றாகத் தாங்கும். நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பட்ஜெரிகர்தான். எனவே 'கிளிக்கு எவ்வளவு ஈரம் வேண்டும்' என்ற கேள்விக்கு எந்தக் கிளி என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ஈரமானி ஒன்றை வாங்கிக் கூண்டருகே மாட்டி, மழைக்காட்டுப் பறவைக்கு 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கூண்டைக் குளிர்சாதனத்தின் நேர்வீச்சில் வைக்காமல், பகலில் காற்றோடும் அறைக்கு மாற்றினாலே பல வீடுகளில் காரியம் முடிந்துவிடும்.

குளியலைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். வறண்ட தோலுக்கு இதற்கு இணையான சிகிச்சை கிடையாது. காட்டுக் கிளி மழையில் தலைகீழாகத் தொங்கிச் சிறகை விரித்து நனையும். ஈர இலைகளுக்குள் புகுந்து புரளும். தண்ணீர் பட்டதும் புது இறகின் உறை இளகுகிறது, செதிலும் பழைய மாவும் கழுவப்படுகின்றன, அதன்பின் பறவை ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வோர் இறகாக அலகில் உருவிச் சீராக்குகிறது. அந்தக் கோதுதலில்தான் எண்ணெயும் மாவும் உடம்பு முழுக்கப் போய்ச் சேருகின்றன. தண்ணீர் தோலை நனைப்பதோடு நிற்காமல், பறவையைத் தன் தோலைத் தானே பராமரிக்கவும் தூண்டிவிடுகிறது. தடவும் எந்தப் பொருளாலும் ஆகாத வேலை இது.

தண்ணீர் வெறும் தண்ணீராக இருக்க வேண்டும். சோப்பு, ஷாம்பு, பன்னீர், கிருமிநாசினி எதுவும் வேண்டாம். உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரைவிடக் குடிக்கிற நீர் நல்லது. அறையின் சூடே போதும். குளிர்காலக் காலையில் கை பொறுக்கும் வெதுவெதுப்பு. செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில் ஒன்றைப் புதிதாக வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. பூச்சிமருந்தோ தரை துடைக்கும் திரவமோ இருந்த பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது. நுண்ணிய தூறலாக வரும்படி முனையைத் திருகி, பறவையின் தலைக்கு மேலே காற்றில் தெளிக்க வேண்டும்; தூறல் தானாக அதன் மேல் இறங்கட்டும். முகத்துக்கு நேரே பீய்ச்சினால் மறுநாள் பாட்டிலைக் கண்டதுமே கத்தும். சாம்பல் கிளி போன்ற பெரிய பறவையின் மேலிறகு நீரைத் தள்ளிவிடும் என்பதால் இரண்டு தூறலோடு நிறுத்தினால் தோல் நனையாது. பறவை சிறகை விரித்துக் கொடுத்தால், அடி இறகு ஈரமாகும் வரை தொடரலாம்.

நேரம் முக்கியம். காலை 11 மணிக்குள் முடித்தால் மாலைக்குள் முழுக்கக் காய்ந்துவிடும். ஈர இறகோடு இரவைக் கழிக்க விடக் கூடாது. மழைக்காட்டுப் பறவைக்கு வாரத்தில் மூன்று நான்கு நாள், தோல் உரிந்திருந்தால் தினமும். காய வைக்க மின்விசிறி வேண்டாம். முடி உலர்த்தும் கருவி வேண்டவே வேண்டாம்: அவற்றில் சிலவற்றின் உட்பாகத்தில் நான்ஸ்டிக் பாத்திரத்தில் இருக்கும் அதே பூச்சு இருக்கிறது, அது சூடேறி விடும் புகை பறவையின் நுரையீரலைச் சில நிமிடங்களில் அழிக்கும். இளவெயிலும் பக்கத்திலேயே ஒதுங்க நிழலும் இருந்தால் பறவை தன் இடத்தைத் தேர்ந்துகொள்ளும். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலில் சூடு இருக்கும். வைட்டமின் டி உண்டாக வேண்டிய புறஊதாக் கதிர் இருக்காது. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைவுக்கு எளிதில் ஆளாகும் சாம்பல் கிளிக்கு நேரடி வெயில் ஒரு மருந்து.

தண்ணீரைக் கண்டு மிரளும் பறவையைத் துரத்தி நனைப்பது பயனற்றது. கொத்தமல்லிக் கட்டையோ முருங்கைக் கீரையையோ நன்றாக அலசி, சொட்டச் சொட்டக் கூண்டுக்குள் தட்டில் வைத்தால் சிறிய கிளிகள் அதற்குள் நுழைந்து புரண்டு குளிக்கும். பட்ஜெரிகருக்கு இதுதான் பிடித்த முறை. பெரிய பறவைக்கு, கனமான தட்டையான மண்சட்டியில் இரண்டு விரற்கடை நீர். குழாயைத் திறந்து நீர் விழும் சத்தத்தைக் கேட்க விட்டாலே சில பறவைகள் குடிநீர்க் கிண்ணத்தில் தலையை முக்கத் தொடங்கிவிடும். அந்தச் சாம்பல் கிளி முதல் தூறலை ஏற்றுக்கொள்ளப் பதினோரு நாள் ஆனது. பத்து நாளும் பாட்டிலைக் கூண்டருகே வைத்து, வேறு திசையில் தெளித்துக் காட்டியதோடு சரி.

எண்ணெய் ஏன் கூடாது? இறகின் இழைகள் கொக்கிகளால் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, உள்ளே காற்றைப் பிடித்து வைக்கின்றன. அந்தக் காற்றுதான் உடம்பின் 40 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டைக் காக்கும் போர்வை. எண்ணெய் பட்டால் கொக்கிகள் வழுக்கிப் பிரிந்து, இறகு திரியாகத் திரண்டு, போர்வையில் ஓட்டை விழுகிறது. பறவை நடுங்கும், தூசி ஒட்டும், ஒட்டியதை நீக்கப் பறவை இன்னும் வேகமாகக் கோதும், இன்னும் பிடுங்கும். கோதியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். வேப்பெண்ணெயும் அப்படியே. கற்றாழையும் கவனத்துக்குரியது, அதன் இலைத்தோலை ஒட்டிய மஞ்சள் பால் பேதிக்கு மருந்து, அது வயிற்றுக்குள் போகக் கூடாது. ஊறிய எண்ணெயை எடுக்க மருத்துவர் மிக நீர்த்த பாத்திரம் கழுவும் திரவத்தால் அலசி, வெதுவெதுப்பான பெட்டியில் உலரவைப்பார். வீட்டில் இதை முயன்றால் பறவை குளிரிலும் பயத்திலும் துவண்டுவிடும்.

களிம்புகள் இன்னும் ஆபத்து. மனித அரிப்புக்குக் கடையில் கிடைக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு உண்டு. பறவைகள் அதற்கு மிகவும் நுண்ணுணர்வு உள்ளவை. தோலில் தடவியதே உள்ளே சென்று நோய் எதிர்ப்பைச் சரித்து, நுரையீரலில் பூஞ்சை பிடிக்க வழிசெய்யும். கலாமைன் லோஷனில் இருப்பது துத்தநாக ஆக்சைடு. குழந்தைகளின் அரையிடுக்குக் களிம்பிலும் அதுவே. துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் கிளிக்கு நஞ்சு. தடவிய எதையும் பறவை தின்றுவிடும் என்பதை நினைவில் வைத்தால் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தீனியைப் பார்ப்போம். சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி. வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம், சுண்ணாம்புச் சத்தும் குறைவு. சுவைக்காக அதையே பொறுக்கித் தின்னும் கிளியின் உடலில் வைட்டமின் ஏ வற்றும்போது, ஈரமாக இருக்க வேண்டிய உட்படலங்கள் தடித்து உலர்கின்றன, தோல் செதிலாகிறது, உள்ளங்காலின் சொரசொரப்பு தேய்ந்து வழவழப்பாகிப் பிறகு புண்ணாகிறது, அலகு அடுக்கடுக்காக உரிகிறது. வாயைத் திறந்து மேலண்ணப் பிளவின் ஓரத்தைப் பார்த்தால் நலமான கிளிக்கு அங்கே கூரிய சிறு முட்கள் வரிசையாக இருக்கும்; வைட்டமின் ஏ குறைந்த கிளிக்கு அவை மழுங்கியிருக்கும். மேசைக்கு வந்த சாம்பல் கிளிக்கு அவை ஏறக்குறைய இல்லவே இல்லை. தோலின் நோயை வாயில் படிக்க முடிகிறது.

இதற்கு மருந்துப் புட்டியைவிடக் காய்கறிச் சந்தை மேல். கேரட், மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பப்பாளி, முருங்கைக் கீரை, சிவப்புக் குடைமிளகாய் ஆகியவற்றின் கரோட்டினைக் கிளி தனக்கு வேண்டிய அளவு வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. பழுத்த மிளகாயைத் தாராளமாகக் கொடுக்கலாம். பறவைகளுக்குக் காரம் உறைப்பதில்லை. சொட்டுமருந்தாக வைட்டமின் ஏ-ஐ அளவு மீறிக் கொடுத்தால் ஈரலில் தேங்கிக் கெடுதல் செய்யும். குடிநீரில் கலந்து வைப்பதும் சரியில்லை. சத்து சீக்கிரம் கெடும், நீரில் கிருமி பெருகும். வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ, சாக்லேட், காப்பி, வெங்காயம், உப்புப் பண்டம் இவை எந்தக் கிளிக்கும் ஆகாது. காட்டுச் சாம்பல் கிளி எண்ணெய்ப் பனையின் பழத்தை விரும்பித் தின்னும். அந்தச் சிவப்புப் பழத்தில் கரோட்டின் மிகுதி. காட்டில் அதற்குப் பழம், கூண்டில் விதை.

விதை தின்றே வளர்ந்த பறவை காயை உணவாக அடையாளம் காணாது. ஒரே நாளில் விதையை நிறுத்தினால் பட்டினி கிடந்து சாகவும் கூடும். காலைப் பசியில் முதலில் காயும் பெல்லட் என்ற குருணைத் தீனியும், சில மணி கழித்து விதை. வளர்ப்பவர் எதிரில் அமர்ந்து தின்று காட்டுவதும் உதவும். மாற்றத்தின்போது நாள்தோறும் காலையில் சமையலறைத் தராசில் எடை பார்ப்பது கட்டாயம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பழையபடி விதை கொடுத்துவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். அந்தச் சாம்பல் கிளி பூசணியை முதலில் தொட்டது இருபத்தாறாம் நாள். அதுவும் கீழே தூக்கி எறிவதற்காக. எறிந்ததில் அலகில் ஒட்டியதை நக்கிப் பார்த்தது. அங்கிருந்து தொடங்கியது.

வீட்டின் காற்றில் கலப்பவையும் தோலைத் தொடும். சாம்பிராணிப் புகை, ஊதுவத்தி, கொசுவத்தி, வாசனைத் தெளிப்பான் ஆகியவை மூச்சுக்கும் இறகுக்கும் கெடுதி. புகை பிடிப்பவரின் விரலில் படிந்த நிகோடின், அவர் கையில் உட்காரும் கிளியின் பாதத்தில் புண் உண்டாக்கி அரிப்பைக் கிளப்பும். கையைக் கழுவிய பிறகே தூக்க வேண்டும். செல் எனப்படும் ஒட்டுண்ணி வராமல் இருக்கக் கூண்டில் கட்டச் சொல்லி விற்கும் உருண்டைகளும் வில்லைகளும் அந்துருண்டையின் இனம். அவை செல்லைக் கொல்வதைவிட ஈரலைக் கெடுப்பது அதிகம்.

உண்மையில் வீட்டுக்குள் வளரும் பெரிய கிளிக்குச் செல்லும் பேனும் அரிது. அரிப்பு என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மட்டும் அதுதான். பக்கத்தில் நாட்டுக்கோழி அடையும் இடத்தில் வைத்திருந்தால் கோழிச்செல் வரலாம். அது பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். இரவில் கூண்டின் மேல் வெள்ளைத் துணி போர்த்தி, விடியுமுன் எடுத்து மடிப்புகளை டார்ச் அடித்துப் பார்த்தால் சிவப்பாக நகரும் புள்ளிகள் தெரியும். பட்ஜெரிகருக்கு வேறொரு செல் உண்டு: நெமிடோகாப்டீஸ். அலகின் ஓரத்திலும் மூக்குக்கு மேலும் கண்ணைச் சுற்றியும் தேனடைபோல ஓட்டை ஓட்டையாக வெளிறிய பொருக்கு கட்டும், காலும் செதிலாகும். விட்டால் அலகு கோணிப்போகும். கண்ட கணத்தில் சொல்லிவிடக்கூடிய, முழுக்கத் தீரக்கூடிய நோய் இது.

தீர்க்கும் மருந்து ஐவர்மெக்டின். வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம், 35 கிராம் பட்ஜெரிகருக்கு 0.007 மில்லிகிராம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடும் ஊசிமருந்தில் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் இருக்கிறது. அதில் ஒரு சொட்டு, ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர், தேவையைப்போல 70 மடங்கு. 'பிடரியில் ஒரு சொட்டு விட்டால் போதும்' என்ற யோசனையைக் கேட்டு அந்த ஊசிமருந்தை விட்டுவிட்டு, கூண்டின் தரையில் விழுந்து கிடந்த பறவையைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தவர்கள் உண்டு. முறையாக நீர்த்து, எடைக்குக் கணக்கிட்டு, இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை கொடுத்தால் மட்டுமே அது மருந்து.

காக்டெயிலுக்கு அரிப்பும் இறகு பிடுங்கலும் இருந்து எச்சம் இளகியிருந்தால் குடலில் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியைத் தேட வேண்டும். புத்தம்புதுச் சூடான எச்சத்தில்தான் அது உருப்பெருக்கியில் அசைவது தெரியும். அலகு-இறகு நோய் எனப்படும் சர்க்கோவைரஸ் தொற்று கொடியது. 1970-களில் ஆஸ்திரேலியக் காக்கட்டூக்களிடம் விவரிக்கப்பட்டது. புது இறகு உறையிலிருந்து விடுபடாமல், இடையில் இறுகி, கோணலாக வளர்ந்து ஒடியும். காக்கட்டூவுக்கு மாவு நின்று கறுப்பு அலகு பளபளக்கத் தொடங்கும். குணமாக்கும் மருந்து இன்று வரை இல்லை. இரத்தத்தையும் இறகையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பி உறுதி செய்யலாம். இந்த வைரஸ் இறகுத் தூசியில் நெடுநாள் தங்கும் என்பதால், சந்தையில் வாங்கிய புதுப் பறவையை ஆறு வாரமாவது தனி அறையில் வைத்து, சோதித்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பது நல்லது. பல வீடுகளிலிருந்து வந்த பறவைகள் ஒரே கூண்டில் நெருக்கியடித்து நிற்கும் வாரச்சந்தைகளுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும்.

கேட்க மறந்துபோகும் காரணம் ஒன்று உண்டு: இறக்கை வெட்டு. பறக்காமலிருக்க மொண்ணைக் கத்தரியால் நறுக்கிய இறகின் தண்டு, சீவிய ஈர்க்குபோல விலாவில் ஒவ்வோர் அசைவிலும் குத்தும். பறவை அந்த இடத்தைக் கடிக்கத் தொடங்கி, பழக்கமாகி, விலா முழுக்கப் புண்ணாகும். துத்தநாகம் பூசிய மலிவுக் கம்பிக் கூண்டைக் கடித்துக் கடித்து உள்ளே சேரும் உலோகமும் சில பறவைகளை இறகு பிடுங்க வைக்கிறது. இரத்தச் சோதனையில் தெரியும்.

உடலில் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகே மனத்தைப் பற்றிப் பேச வேண்டும். அவசரப்பட்டு 'டென்ஷன்' என்று முத்திரை குத்தியதால் ஈரல் நோயோடு மாதக்கணக்கில் கிடந்த பறவைகள் உண்டு. ஆனால் மனமும் மெய்யான காரணமே. காட்டில் நாளின் பெரும்பகுதியை இரை தேடிக் கழிக்கும் உயிருக்குக் கூண்டில் கிண்ணம் பத்து நிமிடத்தில் காலி; மிச்ச நேரத்துக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அதன் இறகு மட்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளம் அமேசான் கிளிகளை வைத்துச் செய்து 2003-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தேடித் தின்னவும் ஏறி இறங்கவும் வசதி பெற்ற கிளிகள் இறகைக் காத்துக்கொண்டன. வெறுங்கூண்டுக் கிளிகள் பிடுங்கின. அவற்றுக்கும் அந்த வசதியைக் கொடுத்ததும் நிலை தேறியது. விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள் தேவையில்லை. தீனியைத் தென்னங்குரும்பையின் இடுக்கில் செருகலாம், தேக்கிலையிலோ காகிதத்திலோ பொட்டலம் கட்டித் தொங்கவிடலாம், வேப்பங்கிளையை இலையோடு வைத்துக் கடிக்க விடலாம். இருட்டும் அமைதியும் உள்ள இடத்தில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கமும் வேண்டும். நள்ளிரவு வரை தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் அது கிடைக்காது.

பச்சைக்கிளி வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு சொல். 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். அந்தப் பயத்தில், தோல் அழுகும் வரை பறவையை மருத்துவரிடம் காட்டாமல் மறைத்து வைக்கிறார்கள். வனத்துறையிடம் ஒப்படைத்தால் பறவைக்குச் சிகிச்சையும் கிடைக்கும், பறக்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

தோலைக் கடித்துக் காயமாக்கும் பறவைக்கு மட்டும் கழுத்துப் பட்டை. துணியால் ஆன மென்பட்டை நல்லது. மருத்துவர் அணிவித்து, தின்னவும் ஏறவும் முடிகிறதா என்று சில மணி நேரம் பார்த்து அனுப்புவார். காயம் ஆறும் வரைக்குமான தடுப்பு அது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பட்டையை மட்டும் மாட்டினால், கழற்றிய அன்றே பிடுங்கல் தொடரும்.

குணம் மெதுவாகவே வரும். குளியலும் ஈரக்காற்றும் தோலைச் சில வாரங்களில் பதப்படுத்திவிடும். செதில் நின்று, சாம்பல் பூத்த நிறம் போய் இளஞ்சிவப்பு திரும்பும். தீனியின் பலன் தெரிய மாதங்கள் ஆகும். ஒடிந்து நிற்கும் இறகு சீராகாது, அது உதிர்ந்து புதியது வர வேண்டும். அதனால் இறகு முழுமை பெற்றதா என்று அடுத்த இறகுதிர்வுக்குப் பிறகே சொல்ல முடியும். பல முறை வேரோடு பிடுங்கப்பட்ட இறகுக்குழி தழும்பாகி மூடிக்கொள்ளும், அங்கே இனி இறகு முளைக்காது. இதை வளர்ப்பவரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

சாம்பல் கிளி மறு ஆண்டு மார்ச்சில் வந்தபோது 452 கிராம். தொடைகளில் இறகு நிரம்பியிருந்தது. மார்பின் இடப்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. தோல் மென்மையாக, செதில் இல்லாமல், தொட்டால் பறவை விலகாத அளவுக்கு இருந்தது. அந்த இடத்தில் இறகு முளைக்கப்போவதில்லை. காப்பில்லாத தோல் சீக்கிரம் உலரும் என்பதால், வாரம் நான்கு நாள் காலைத் தூறலைத் தொடரச் சொல்லி அனுப்பப்பட்டது.